லைசென்ஸ் சர்வர் பழசு, செஷன் ஹோஸ்ட் புதுசு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ரிமோட் டெஸ்க்டாப் பத்தி எழுதினதுக்கு நிறைய மெயில் வந்துச்சு, அதுல முக்கால்வாசி லைசென்ஸ் பத்தின கேள்வி. அதனால இந்த மாசம் மொத்தப் பக்கத்தையும் அதுக்கே குடுத்துட்டேன். புதுசா படிக்கிறவங்களுக்காக மூணு வார்த்தையை மட்டும் முதல்ல சொல்லிடுறேன். செஷன் ஹோஸ்ட்னா எல்லாரும் ரிமோட்ல நுழைஞ்சு வேலை பாக்குற சர்வர். சிஏஎல்னா அப்படி நுழையுறதுக்கு ஒரு ஆளுக்கோ ஒரு மெஷினுக்கோ வாங்குற உரிமை. லைசென்ஸ் சர்வர்னா அந்த சிஏஎல் எல்லாத்தையும் தன்கிட்ட வச்சிருந்து கேக்கும்போது எடுத்துக் குடுக்குற சர்வர். கீழ 2012, 2012 ஆர்2, 2022ன்னு வர்றதெல்லாம் விண்டோஸ் சர்வரோட வெர்ஷன் பேர்.

கேள்வி: வணக்கம் சார். திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில சிஸ்டம் அட்மினா இருக்கேன். எங்ககிட்ட 2012 ஆர்2 சர்வர் ரெண்டு செஷன் ஹோஸ்ட்டா இருக்கு, லைசென்ஸ் சர்வரும் 2012 ஆர்2தான், அதுல 2012 யூசர் சிஏஎல் 40 போட்டிருக்கோம். இந்த வருஷம் புதுசா ஒரு 2022 சர்வர் வாங்கி செஷன் ஹோஸ்ட் ஆக்கி பழைய லைசென்ஸ் சர்வரையே அதுக்கும் காட்டிவிட்டேன், நாலு மாசம் சூப்பரா ஓடுச்சு சார், போன வாரம் திடீர்னு யாருமே உள்ள போக முடியல, லைசென்ஸ் குடுக்க லைசென்ஸ் சர்வரே இல்லைன்னு மெசேஜ் வருது. ஆனா பழைய ரெண்டு சர்வரும் ஒழுங்கா ஓடுது. 40 சிஏஎல்லும் திரும்ப வாங்கணுமா? முதலாளிகிட்ட எப்படிப் போய் சொல்றதுன்னே தெரியல.

பதில்: முதல்ல அந்த நாலு மாசத்தைப் பாருங்க. அது 120 நாள். செஷன் ஹோஸ்ட் ரோல் போட்ட சர்வருக்கு மைக்ரோசாஃப்ட் குடுக்குற கிரேஸ் பீரியட் அது, அந்த 120 நாளும் சரியான லைசென்ஸ் இருக்கா இல்லையான்னு பாக்காமலே எல்லாரையும் உள்ள விடும். அதாவது உங்க 2022 சர்வர் ஒரு நாள் கூட பழைய லைசென்ஸ் சர்வர்கிட்ட இருந்து சிஏஎல் வாங்கவே இல்ல, கிரேஸ்லதான் ஓடிட்டு இருந்துச்சு, 121வது நாள் கதவை சாத்திடுச்சு. நீங்க தப்பா எதையும் மாத்தல, முதல் நாள்லயே இருந்த குறை அன்னைக்குத்தான் வெளிய தெரிஞ்சுது.

இதே மாதிரி ஒரு ஆபீஸுக்கு நான் போயிருக்கேன், திங்கக்கிழமை காலைல ஒன்பதரை மணி, 22 பேர் ஸ்கிரீனைப் பாத்துட்டு சும்மா உக்காந்திருக்காங்க, லாரி கீழ நிக்குது, பில் போட முடியல. சர்வர்ல லைசென்ஸ் கோளாறைக் காட்டுற லைசென்சிங் டயக்னோசரைத் திறந்தா, லைசென்ஸ் சர்வர் பேர் சரியா இருக்கு, பிங் போகுது, ஆனா கிளையண்ட்டுக்குக் குடுக்க இருக்குற சிஏஎல் எண்ணிக்கை 0ன்னு காட்டுது. லைசென்ஸ் சர்வர்ல போய்ப் பாத்தா 25 சிஏஎல் இருக்கு. அந்தப் பையன் கண்ணு கலங்கிடுச்சு, சார் 25 இருக்கே சார் ஏன் 0 காட்டுதுன்னு கேட்டான். இருக்குறது பழைய வெர்ஷன் சிஏஎல், கேக்குறது புது வெர்ஷன் சர்வர், அதான் 0.

ரெண்டு ரூல் இருக்கு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறதுலதான் எல்லாப் பிரச்சனையும் வருது. முதல் ரூல் சிஏஎல்லுக்கு. நம்ம ரயில் டிக்கெட் மாதிரிதான், எக்ஸ்பிரஸ் டிக்கெட் வச்சிருக்கிறவர் பாசஞ்சர்ல ஏறினா யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க, பாசஞ்சர் டிக்கெட்டை வச்சுக்கிட்டு எக்ஸ்பிரஸ்ல ஏறினா டிடிஆர் விட மாட்டார். 2022 சிஏஎல் இருந்தா 2022, 2019, 2016, 2012 ஆர்2ன்னு எல்லா ஹோஸ்ட்டுக்கும் போகலாம். 2012 சிஏஎல் 2012க்கும் 2012 ஆர்2வுக்கும் மட்டும்தான், 2016க்குக் கூட செல்லாது. ரெண்டாவது ரூல் லைசென்ஸ் சர்வருக்கு. அது தன்னோட வெர்ஷன் சிஏஎல்லும் அதுக்கு முந்தின எல்லா வெர்ஷன் சிஏஎல்லும் மட்டும்தான் கையில வச்சுக்கும், தன்னைவிடப் புது சிஏஎல்லை வாங்கிக்கவே வாங்கிக்காது. அதனால நீங்க இன்னைக்கே 2022 சிஏஎல் வாங்கிட்டு வந்தாலும் அந்த 2012 ஆர்2 லைசென்ஸ் சர்வர்ல ஏத்த முடியாது. உங்ககிட்ட இருக்குற சர்வர்லயே எது ரொம்பப் புதுசோ அந்த வெர்ஷன்லதான் லைசென்ஸ் சர்வர் இருக்கணும், இதை மட்டும் பிடிச்சுக்கிட்டீங்கன்னா மிச்சம் எல்லாம் தானா வந்துடும்.

இப்போ 40ம் வாங்கணுமான்னு கேட்டீங்க இல்ல, இதுக்கு பதில் உங்க ஆட்களை எண்ணிப் பாத்தாத்தான் கிடைக்கும். 2022 சர்வருக்குள்ள யார் யார் போறாங்கன்னு பேர் எழுதுங்க. 40 பேரும் போறாங்கன்னா 40 புது சிஏஎல் வேணும், அப்போ பழைய 40 தேவையே இல்லாம போயிடும், ஏன்னா புதுசே பழைய ரெண்டு சர்வருக்கும் சேத்து செல்லும். மெர்ச்சண்டைசிங்ல இருக்குற 15 பேர்தான் புது சர்வர், மிச்ச 25 பேர் பழைய சர்வர்லயேதான் இருப்பாங்கன்னா 15 போதும். ஒரே நேரத்துல எத்தனை பேர் லாகின்ல இருக்காங்கன்னு எண்ணாதீங்க, இந்த லைசென்ஸ்ல அந்தக் கணக்கே கிடையாது, வாரத்துல ஒரு தடவை நுழையுற ஆளுக்கும் ஒண்ணு வேணும். வாங்குறதுக்கு முன்னாடி பழைய 40ம் சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸோட வாங்கினதான்னு பழைய இன்வாய்ஸைத் தேடிப் பாத்துடுங்க, அஷ்யூரன்ஸ் தொடர்ந்து கட்டிட்டு வந்திருந்தா புது வெர்ஷனுக்கு உரிமை ஏற்கனவே உங்ககிட்டயே இருக்கும். இன்னொண்ணு, ரிமோட் டெஸ்க்டாப் சிஏஎல் வேற, சாதாரண விண்டோஸ் சர்வர் சிஏஎல் வேற, ரெண்டும் வேணும். அந்த சாதாரண சிஏஎல்லும் 2012ல வாங்கினதா இருந்தா அதுவும் 2022க்குச் செல்லாது, கொட்டேஷன் வாங்கும்போதே ரெண்டையும் சேத்துக் கேட்டு முதலாளிகிட்ட ஒரே தடவையா சொல்லிடுங்க, ரெண்டாவது தடவை போய் நிக்கிறதுதான் கஷ்டம்.

வேலை செய்யுற வரிசை முக்கியம். முதல்ல ஒரு சின்ன வெர்ச்சுவல் மெஷின்ல 2022 போட்டு லைசென்சிங் ரோல் ஏத்தி ஆக்டிவேட் பண்ணுங்க, நெட் இருந்தா தானா ஆகும், இல்லைன்னா பிரவுசர் வழியாவோ ஃபோன்லயோ பண்ணலாம். டொமைன்ல, அதாவது ஆபீஸ் மெஷின், யூசர் எல்லாத்தையும் ஒரே இடத்துல இருந்து நிர்வகிக்கிற அமைப்புல, டெர்மினல் சர்வர் லைசென்ஸ் சர்வர்ஸ்னு ஒரு குரூப் இருக்கும், அதுல இந்த புது மெஷினைச் சேக்கணும், சேக்காம விட்டா யூசர் கணக்கை டொமைனோட பதிவேடான ஆக்டிவ் டைரக்டரில எழுத முடியாம லாக்ல 4105ன்னு ஈவன்ட் வந்துட்டே இருக்கும். அப்புறம் பழைய 40 சிஏஎல்லை மேனேஜ் லைசென்சஸ் விஸார்ட் வழியா புது சர்வருக்கு மாத்துங்க. அக்ரிமென்ட் நம்பர் கேக்கும், அந்தப் பேப்பர் எங்க இருக்குன்னு இன்னைக்கே தேடி வையுங்க. மாத்தின பிறகு பழைய சர்வர்லயும் அதே 40 இருக்கக் கூடாது, எடுத்துடணும். கடைசியா புது 2022 சிஏஎல் ஏத்துங்க.

செஷன் ஹோஸ்ட் மூணுக்கும் புது லைசென்ஸ் சர்வர் பேரைக் காட்டணும். 2008 ஆர்2 வரைக்கும் இதுக்குன்னு செஷன் ஹோஸ்ட் கான்ஃபிகரேஷன்னு ஒரு விண்டோ இருந்துச்சு, 2012ல அதை எடுத்துட்டாங்க, அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீங்க. குரூப் பாலிசில ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், அதுக்குள்ள செஷன் ஹோஸ்ட், அதுக்குள்ள லைசென்சிங்னு போனா ரெண்டு செட்டிங் இருக்கும், ஒண்ணு எந்த லைசென்ஸ் சர்வர்னு, இன்னொண்ணு பெர் யூசரா பெர் டிவைஸான்னு. நிறைய பேர் முதலாவதை மட்டும் போட்டுட்டு ரெண்டாவதை விட்டுடுறாங்க, மோட் சொல்லலைன்னா சிஏஎல் இருந்தும் பிரயோஜனம் இல்ல. போட்டு முடிச்சதும் ஒவ்வொரு ஹோஸ்ட்லயும் டயக்னோசரைத் திறந்து எண்ணிக்கையை உங்க கண்ணால பாருங்க. பழைய சர்வர்லயும் பாருங்க.

இன்னைக்கே உள்ள போயாகணுமேன்னா, ரன்ல எம்எஸ்டிஎஸ்சி அடிச்சு பக்கத்துல ஸ்லாஷ் அட்மின்னு போடுங்க, அட்மின் செஷனுக்கு சிஏஎல் கேக்காது. ஆனா ரெண்டு பேருக்கு மேல விடாது, அதுவும் சர்வரைப் பராமரிக்கத்தான், அது வழியா பில் போடச் சொல்லாதீங்க.

அந்த 2012 ஆர்2 சர்வர் ரெண்டையும் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும். அதுக்கு சப்போர்ட் 2023 அக்டோபர் 10ஓட முடிஞ்சிடுச்சு. காசு கட்டி வாங்குற கூடுதல் செக்யூரிட்டி அப்டேட் கூட 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். 15 சிஏஎல் போதும்னு கணக்குப் போட்டு இன்னைக்கு மிச்சம் பிடிச்சா, மீதி 25 பேரையும் சீக்கிரமே புது சர்வருக்கு நகத்தத்தான் போறீங்க. என்கிட்ட கேட்டா 40ஐயும் இப்பவே வாங்கிடுங்கன்னுதான் சொல்வேன்.

கேள்வி: இந்த மாதிரி பூட்டிக்கிச்சுன்னா ரெஜிஸ்ட்ரில கிரேஸ் பீரியட்னு ஒரு கீ இருக்கு, அதை டெலிட் பண்ணா திரும்ப 120 நாள் வருதுன்னு ஒரு வீடியோல பாத்தேன் சார். பண்ணலாமா? (சேலம்)

பதில்: பண்ணாதீங்க தம்பி. வருதா இல்லையாங்கிறது இல்ல விஷயம், உரிமை இல்லாம ஓட்டுறீங்கங்கிறதுதான் விஷயம். ஒரு நாள் லைசென்ஸ் ஆடிட் வந்தா பதில் சொல்ல வேண்டியது முதலாளி, கைகாட்டப்படப் போறது நீங்க. சம்பளத்துக்கு வேலை பாக்குற ஒரு ஆள் கம்பெனி தலைமேல இப்படி ஒரு பாரத்தை ஏத்தி வைக்கக் கூடாது. சிஏஎல் இல்லைன்னா இல்லைன்னு மெயில்ல எழுதி அனுப்புங்க, காப்பி வச்சுக்கோங்க.

கேள்வி: மதுரைல ஆடிட்டர் ஆபீஸ் வச்சிருக்கோம். ஒரு 2019 சர்வர், டொமைன் எல்லாம் கிடையாது, ஒர்க்குரூப்தான். எங்க ஆபீஸ்ல மொத்தம் 10 பேர், அதனால கடைக்காரர் 10 யூசர் சிஏஎல் போட்டுக் குடுத்தார். லைசென்ஸ்ல பிரச்சனை இருக்கு, 60 நிமிஷத்துல கனெக்ஷன் கட் ஆகும்னு மெசேஜ் வருது, சொன்ன மாதிரியே கட் ஆகுது. ஜூலை மாசம் ரிட்டர்ன் ஃபைல் பண்ற நேரத்துல பொண்ணுங்க பாதி என்ட்ரில இருக்கும்போது போயிடுது. காசு குடுத்துத்தானே வாங்கினோம்?

பதில்: காசு குடுத்து வாங்கினது சரி, வாங்கின வகை உங்க செட்டப்புக்குப் பொருந்தாது. யூசர் சிஏஎல் யாருக்குப் போச்சுங்கிற கணக்கை ஆக்டிவ் டைரக்டரிலதான் எழுதி வைக்கும். டொமைனே இல்லாத ஒர்க்குரூப்ல எழுத இடமே இல்ல. அதனால ஒர்க்குரூப்புக்கு பெர் டிவைஸ் மட்டும்தான் சப்போர்ட். 2019ல இருந்து இதைக் கண்டிப்பா அமல்படுத்துறாங்க, அதான் அந்த 60 நிமிஷ மெசேஜ். விக்கிறவர் டொமைன் இருக்கான்னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா உங்களுக்கு இவ்வளவு அலைச்சல் வந்திருக்காது.

வழி ரெண்டு. ஒண்ணு, இருக்குற 10ஐயும் டிவைஸா மாத்துறது, லைசென்ஸ் மேனேஜர்லயே கன்வெர்ட் பண்ற வசதி இருக்கு, உங்க சிஏஎல் வாங்கின முறைக்கு அது பொருந்துமான்னு வித்தவரை விட்டு உறுதி பண்ணச் சொல்லுங்க, அது அவர் பொறுப்பு. மாத்தினதும் சர்வர்ல மோடையும் பெர் டிவைஸ்னு மாத்தணும். ஆனா மாத்துறதுக்கு முன்னாடி மெஷினை எண்ணுங்க. ஆபீஸ்ல 8 டெஸ்க்டாப், ராத்திரி வீட்டுல இருந்து போடுறதுக்கு 4 பேர்கிட்ட லேப்டாப்னு வச்சுக்கோங்க, 12 டிவைஸ் ஆயிடுச்சு, 10 பத்தாது. ரெண்டாவது வழி, ஒரு சின்ன டொமைன் போட்டுடுறது, அப்போ 10 யூசர் சிஏஎல்லும் அப்படியே செல்லும், யார் எத்தனை மெஷின்ல இருந்து வந்தாலும் கவலை இல்ல. வீட்டுல இருந்து வேலை பாக்குறவங்க இருக்குற ஆபீஸுக்கு நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன். மில்லு, ஆஸ்பத்திரி மாதிரி ஒரே மெஷின்ல மூணு ஷிஃப்ட் ஆள் மாறி மாறி உக்காருற இடத்துக்கு டிவைஸ்தான் லாபம், 10 மெஷின்ல 30 பேர் வேலை பாத்தாலும் 10 போதும்.

கேள்வி: கோவைல ஒரு காலேஜ் லேப்ல வேலை பாக்குறேன். தின் கிளையண்ட் (சர்வர்ல நுழையுறதுக்கு மட்டும் வச்சிருக்கிற சின்ன பாக்ஸ்) 30, டிவைஸ் சிஏஎல் 30. ரெண்டு மாசத்துல 30ம் தீந்து போச்சுன்னு காட்டுது, ஆனா லிஸ்ட்ல பாத்தா ஒரே பாக்ஸ் ரெண்டு மூணு தடவை வந்திருக்கிற மாதிரி இருக்கு. சில பாக்ஸுக்கு டெம்பரரின்னு வருது. 2016, 2019 ரெண்டு ஹோஸ்ட்டும் இருக்கு, சிஏஎல் எல்லாம் 2019.

பதில்: உங்க தின் கிளையண்ட்ல ரைட் ஃபில்டர் ஆன்ல இருக்கான்னு பாருங்க, அனேகமா அதான். டிவைஸ் சிஏஎல் எப்படி வேலை செய்யுதுன்னா, ஒரு பாக்ஸ் முதல் தடவை வரும்போது லைசென்ஸ் சர்வர் 90 நாளுக்கு ஒரு டெம்பரரி குடுக்கும், அடுத்த தடவை அதே பாக்ஸ்ல லாகின் பண்ணும்போதுதான் நிஜ சிஏஎல் குடுக்கும். அதுவும் என்னென்னைக்கும் இல்ல, 52 நாள்ல இருந்து 89 நாளுக்குள்ள ஏதோ ஒரு கணக்குல முடியும், முடியுறதுக்குள்ள பாக்ஸ் வந்தா புதுப்பிச்சுக்கும், வரவே இல்லைன்னா சிஏஎல் திரும்ப பொதுவுக்குப் போயிடும். இந்த சீட்டை பாக்ஸ் தன்னோட ரெஜிஸ்ட்ரில எம்எஸ்லைசென்சிங்னு ஒரு கீக்குள்ள வச்சிருக்கும், தான் யாருங்கிற ஹார்ட்வேர் ஐடியும் அங்கயேதான். ரைட் ஃபில்டர் என்ன பண்ணுது, சாயங்காலம் ஸ்விட்ச் ஆஃப் பண்ணதும் எல்லாத்தையும் துடைச்சிடுது. மறுநாள் காலைல அந்த பாக்ஸ் நேத்து வாங்கின சீட்டு இல்லாம புது ஆள் மாதிரி வந்து நிக்குது, சர்வரும் பாவம், புது ஆள்னு நம்பி இன்னொண்ணு எழுதிக் குடுக்குது.

ஃபில்டரை ஆஃப் பண்ணிட்டு ரெண்டு தடவை லாகின் பண்ணிட்டு திரும்ப ஆன் பண்ணுங்கன்னு சிலர் சொல்வாங்க, அது ரெண்டு மூணு மாசத்துக்குத்தான் தாங்கும், புதுப்பிக்கிற சீட்டு சேவ் ஆகாதுல்ல. அந்த ஒரு ரெஜிஸ்ட்ரி கீயை மட்டும் ஃபில்டர்ல இருந்து விலக்கி வைக்கிறதுதான் சரியான வழி. ஏற்கனவே வீணாப் போனதை லைசென்ஸ் மேனேஜர்ல ரிவோக் பண்ணலாம், ஆனா ஒரு வெர்ஷன்ல 20 சதவீதத்துக்கு மேல விடாது, உங்க 30ல 6தான். மிச்சம் தானா காலாவதி ஆகி வர்ற வரைக்கும் பொறுத்துத்தான் ஆகணும்.

2016 ஹோஸ்ட்டைப் பத்தி நீங்க கேக்கல, ஆனா பின்னாடி உதவும். வெர்ஷன் கலந்து இருக்கும்போது லைசென்ஸ் சர்வர் அந்தந்த ஹோஸ்ட்டுக்குப் பொருத்தமான சிஏஎல்லை முதல்ல தேடும், அது இல்லைன்னா புது வெர்ஷன்ல இருந்து எடுத்துக் குடுத்துடும். உங்ககிட்ட எல்லாமே 2019ங்கிறதால கவலை இல்ல. ஆனா பழசு கொஞ்சம் புதுசு கொஞ்சம்னு வச்சிருக்கிற இடத்துல, பழைய சர்வருக்கு வர்ற மெஷினெல்லாம் புது சிஏஎல்லை எடுத்துட்டுப் போய் புது சர்வருக்கு இல்லாம ஆயிடும். அதைத் தடுக்க லைசென்ஸ் சர்வர்ல பிரிவென்ட் லைசென்ஸ் அப்கிரேட்னு ஒரு பாலிசி இருக்கு, அதை எனேபிள் பண்ணா பழைய ஹோஸ்ட்டுக்கு பழைய சிஏஎல் மட்டும்தான் குடுக்கும், அது தீந்துட்டா டெம்பரரி.

கேள்வி: யூசர் சிஏஎல் 20 வாங்கினோம், இப்போ 31 பேர் லாகின் பண்றாங்க, ஒண்ணும் சொல்லலையே சார்? (திருச்சி)

பதில்: சொல்லாது. டொமைன்ல யூசர் மோடுக்கு எண்ணிக்கை தாண்டினா நிறுத்துற ஏற்பாடு இல்ல, குறிச்சு மட்டும் வச்சுக்கும். லைசென்ஸ் மேனேஜர்ல கிரியேட் ரிப்போர்ட் குடுத்தா 31ம் வரும். உள்ள விடுதுங்கிறதால உரிமை இருக்குன்னு ஆகாது, 11 வாங்கணும். முதல்ல வேலையை விட்டுப் போனவங்க அக்கவுன்ட் எதுவும் அந்த 31ல இருக்கான்னு பாருங்க.

கேள்வி: லைசென்ஸ் சர்வர் சும்மா சீட்டு குடுக்குற சர்வர்தானே, அதுக்கும் மாசாமாசம் பேட்ச் போடணுமா? (நாகர்கோவில்)

பதில்: கண்டிப்பா போடணும், இதுல மட்டும் நான் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். 2024 ஜூலை 9ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் ஒரு ஓட்டையை அடைச்சாங்க, சிவிஇ-2024-38077, லைசென்சிங் சர்வீஸ்லயே இருந்த ஓட்டை. பாஸ்வேர்டு வேண்டாம், உள்ள யாரும் எதையும் கிளிக் பண்ண வேண்டாம், நெட்வொர்க்ல அந்த சர்வீஸைத் தொட முடிஞ்சாலே வெளியாள் தன்னோட புரோகிராமை அதுல ஓட்டிடலாம், ஆபத்துக்கு 10க்கு 9.8 போட்டிருந்தாங்க. செஷன் ஹோஸ்ட்டுக்கெல்லாம் ஒழுங்கா பேட்ச் போட்டுட்டு இந்த ஒரு மெஷினை மூலைல மறந்து விட்ட ஆபீஸ் எவ்வளவோ. சின்ன இடத்துல லைசென்சிங் ரோலை டொமைன் கன்ட்ரோலர்லயே போட்டிருப்பாங்க, அப்போ ஓட்டை இருக்குறது மொத்த கம்பெனியோட சாவி இருக்குற மெஷின்ல. பேட்ச் போடுங்க, 135 போர்ட்டும் அதுக்கு மேல இருக்குற ஆர்பிசி போர்ட்டும் இன்டர்நெட் பக்கம் திறந்திருக்கக் கூடாது, லைசென்ஸ் சர்வர்கிட்ட செஷன் ஹோஸ்ட் மட்டும்தான் பேசணும். ரோல் போட்டு யூஸ் பண்ணாம கிடந்தா எடுத்துடுங்க.

கேள்வி: ஆபீஸ்ல இருக்குற என் விண்டோஸ் 11 புரோ கம்ப்யூட்டருக்கு வீட்டுல இருந்து ரிமோட் போடுறேன், எனக்கும் சிஏஎல் வேணுமா? (தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். உங்க மெஷினுக்கு நீங்க ஒருத்தர் போறதுக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்ல. ஆனா ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை ரவுட்டர்ல திறந்து வச்சிருந்தா இன்னைக்கே மூடிட்டு விபிஎன் வழியா போங்க.

கேள்வி: எங்ககிட்ட 2016 ஹோஸ்ட் நாலு, 2022 ஹோஸ்ட் ஒண்ணு, லைசென்ஸ் சர்வர் 2022. புதுசா 12 பேர் சேந்திருக்காங்க. கடைக்காரர் 2025 சிஏஎல்தான் குடுக்க முடியும்ங்கிறார், எங்ககிட்ட 2025 சர்வரே இல்லையே? (சென்னை)

பதில்: வாங்குங்க, 2025 சிஏஎல் உங்க 2016க்கும் 2022க்கும் செல்லும். ஆனா இப்ப இருக்குற 2022 லைசென்ஸ் சர்வர்ல அது ஏறாது. அதனால 2025ல ஒரு லைசென்ஸ் சர்வர் மட்டும் புதுசா போட்டு, பழைய சிஏஎல்லையும் அங்க மாத்தி, அஞ்சு ஹோஸ்ட்டையும் அதுக்குத் திருப்பி விடுங்க. செஷன் ஹோஸ்ட்டை இப்ப தொடவே வேண்டாம். எப்படியும் 2016க்கு சப்போர்ட் 2027 ஜனவரி 12ல முடியுது, பொங்கல் வாரம், ஆள் எல்லாம் ஊருக்குப் போற நேரம், அன்னைக்கு வச்சு நாலு ஹோஸ்ட்டையும் மாத்த முடியாது. லைசென்ஸ் சர்வர் முன்னாடியே 2025ல தயாரா நின்னா, ஹோஸ்ட்டை மாசத்துக்கு ஒண்ணுன்னு நிதானமா மாத்திக்கலாம், அந்த 12 பேரும் எந்த சர்வர்ல நுழைஞ்சாலும் தடை இருக்காது. பழைய சிஏஎல் வச்சிருக்கிற மத்தவங்களை 2025 ஹோஸ்ட்டுக்கு நகத்துற அன்னைக்கு மட்டும் அவங்களுக்கும் புது சிஏஎல் வேணும், அந்த எண்ணிக்கையை இப்பவே அடுத்த வருஷ பட்ஜெட்ல எழுதி வச்சிடுங்க.